பனி விழாத மலையில் முயல் ஏன் முடி மாற்றுகிறது?

முயல் வளர்த்த எவருக்கும் அந்த நாள் வந்திருக்கும். தடவிக்கொடுத்த கையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கை நிறைய முடி. மறுநாள் கூட்டின் மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தில், சட்டைக் கையில், சோற்றுத் தட்டின் ஓரத்தில்கூட முடி. முதுகில் ஒரு கொத்தைப் பிடித்தால் இழுக்காமலே கையோடு வருகிறது. “முடியெல்லாம் கொட்டுது, சீக்கு புடிச்சிருச்சு போல” என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் அதே முயல் புது மினுமினுப்போடு உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருக்கும்.

முயல் வளர்ப்புப் புத்தகத்தைத் திறந்தால் விடை ஒரே வரியில் கிடைக்கிறது: ஆண்டுக்கு இரண்டு முறை முயல் முடி மாற்றும், வசந்தத்தில் குளிர்காலப் போர்வையைக் களையும், இலையுதிர் காலத்தில் அடுத்த குளிருக்கான போர்வையை வளர்க்கும். எழுதியவர்கள் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள். அவர்களுடைய ஊருக்கு அது சரி.

வட்டவளைக்கு எது வசந்தம்? ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் நடுவே ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர், இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தை மாசி விடியலில் பல் கிட்டும் குளிர். மற்றபடி தேயிலை ஆண்டு முழுவதும் பச்சை. பனி விழுவதில்லை, இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லவே இல்லை. பிறகு எந்தக் குளிர்காலப் போர்வையை, எந்த வசந்தத்தை நம்பி இங்குள்ள முயல் களைகிறது?

கான் ஓரத்தில் ஒளிந்திருந்தது யார்?

ஒரு முயலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து எடுக்கும் மலையில், கான் ஓரத்துச் செடிக்கடியில் நனைந்து உட்கார்ந்திருக்கிறது. மண்ணிறம். ஆளைக் கண்டு ஓடவில்லை. துண்டில் சுற்றித் தூக்கினால் கைக்குள் அடங்கிவிடுகிறது. அத்தியாயம் முடியும்வரை இதுதான் நம்முடைய முயல்.

வெள்ளை முயல் என்றால் யோசிக்கவே வேண்டாம், யார் வீட்டுக் கூட்டிலிருந்தோ தப்பியது. மண்ணிற முயலை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். ஏனென்றால் இலங்கைக் காடுகளிலும் தோட்டத்து ஓரங்களிலும் காட்டு முயல் ஒன்று உண்டு. பிடரியில் கறுப்புத் திட்டு, நீண்ட பின்னங்கால், மேற்புறம் கறுத்த வால். அது வளை தோண்டாது. புல்லுக்குள் சிறு பள்ளமாக அழுத்திப் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பு முழுக்க முடியோடு இருக்கும். வீட்டு முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருக்கும் ஐபீரியப் பகுதியில் தோன்றிய வளை முயலின் வம்சம். உலகில் உள்ள அத்தனை வளர்ப்பு முயல்களும், குட்டையோ நெட்டையோ, தொங்கு காதோ குத்துக் காதோ, அந்த ஒரே இனத்தின் பிள்ளைகள். அதன் குட்டி கண் மூடி, முடியில்லாமல், செக்கச் செவேலென்று பிறக்கும். வளை முயலின் உயிரணுவில் 44 நிறப்புரிகள், காட்டு முயலுக்கு 48. இரண்டும் கூடிக் குட்டி போட முடியாத தூரத்துச் சொந்தம்.

இந்த வேறுபாடு தெரியாமல் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கொழுந்து எடுக்கும்போதோ கவ்வாத்து வெட்டும்போதோ செடிக்கடியில் முடி நிறைந்த, கண் திறந்த குட்டி ஒன்று அசையாமல் கிடக்கும். தாய் விட்டுப் போய்விட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். காட்டு முயல் தாய் பகலில் குட்டியோடு இருப்பதில்லை. தன் வாசனை நரிக்கும் நாய்க்கும் வழி காட்டிவிடும். இருட்டிய பின் வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போகும். அந்தக் குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் உதவி.

நம்முடைய முயலின் பிடரியில் கறுப்பு இல்லை, கால் கட்டை, மனிதக் கையைக் கண்டு பதறவில்லை. வீட்டு முயல்தான். அதைத் திரும்பக் காட்டில் விடக் கூடாது. தெருநாய், நரி, தோட்டத்து மக்கள் புலி என்று சொல்லும் சிறுத்தை என்று எல்லாமே மேய்கிற இடத்தில், கூட்டில் வளர்ந்த முயல் அதிக நாள் தாங்காது. மேல் லயம், கீழ் லயம் என்று நாலு இடத்தில் விசாரித்து, யாரும் தேடி வராவிட்டால் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வேறு முயல் இருந்தால் சில வாரம் இதைத் தனியே வையுங்கள். காய்ந்த தரை, கம்பி வலை இல்லாத அடிப்பலகை, மறைந்துகொள்ள ஒரு பெட்டி, தண்ணீர், புல். முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தைத் தோல் கிடையாது, முடி மட்டும்தான். கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகிவிடும்.

இரண்டு வாரம் கழிகிறது. புல் நன்றாகத் தின்கிறது, பிள்ளைகளோடு பழகிவிட்டது. ஒரு நாள் நெற்றியில் முடி கொத்தாகக் கழலுகிறது.

ஒரு முடியின் ஆயுள்

முடி முளைக்கும் சிறு குழியை மயிர்க்கால் என்கிறோம். அது ஓயாமல் முடியை உற்பத்தி செய்வதில்லை. கொஞ்ச காலம் வளர்க்கும்: வளர்பருவம். பிறகு சில நாளில் ஒடுங்கும். அதன்பின் முடியை அப்படியே பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்: ஓய்வுப்பருவம். ஓய்வு முடிந்து அடியில் புது முடி கிளம்பும்போது பழையது பிடி விட்டு உதிரும். மனிதத் தலையிலும் முயல் முதுகிலும் இதே சுற்றுதான். ஆனால் நமக்கு வளர்பருவம் பல ஆண்டு நீடிக்கும். முயலுக்குச் சில வாரங்களில் முடிந்துவிடும். அதனால்தான் நம் தலைமுடி இடுப்புவரை போகிறது, முயலின் முடி ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

நம் தலையிலும் நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. யாரும் பதறுவதில்லை, காரணம் ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் கணக்கில் ஓடுகிறது. தோட்டத்து ஆட்களுக்கு இதைக் கவ்வாத்துக் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். ஒவ்வொரு தேயிலைச் செடியையும் அது அது நினைத்த நாளில் வெட்டினால் மலை எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரியும்; மனிதத் தலை அப்படி. மேலிருந்து நிரை நிரையாக வெட்டிக்கொண்டே இறங்கினால் வெட்டின இடமும் வெட்டாத இடமும் கோடு போட்டுத் தெரியும், கீழ் நிரைக்குக் கத்தி வரும்போது மேல் நிரையில் துளிர் விட்டிருக்கும், முயல் அப்படி.

அந்தக் கோடு உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும். முடிமாற்றம் பெரும்பாலும் மூக்கு, நெற்றியில் தொடங்கிப் பிடரி வழியாக முதுகுக்கு ஏறி, விலாப்பக்கம் இறங்கி, கடைசியில் பின்தொடைக்கும் வயிற்றுக்கும் போகும். முன்னே புதிய, அடர்ந்த நிறம், பின்னே வெளிறிய பழைய முடி, நடுவில் எல்லை. மண்ணிற முயலில் இன்னொன்றும் பார்க்கலாம். முடியை ஊதி விலக்கினால் சில இடங்களில் தோல் நீலம் பாரித்துத் தெரியும். அடிபட்ட கன்றல் என்று பயப்பட வேண்டாம். அந்த இடத்து மயிர்க்கால்கள் வளர்பருவத்தில் இருக்கின்றன. வளரும் முடிக்கு ஊட்டும் கறுப்பு நிறமி தோலுக்கு அடியிலிருந்து தெரிகிறது. வெள்ளை முயலில் நிறமி இல்லாததால் இதைக் காண முடியாது.

வயதும் ஒரு காரணம். குட்டி முயல் பஞ்சு போன்ற முதல் முடியை ஒன்று ஒன்றரை மாத வயதில் மாற்றத் தொடங்கும். ஐந்தாறு மாதத்தில்தான் பெரிய முயலின் முடி வந்து சேரும். நம்முடைய முயல் வளர்ந்து முடியாத இளம் முயலாக இருந்தால், வந்த சில வாரத்தில் முடி கொட்டுவதற்குப் பருவத்தைத் தேட வேண்டியதே இல்லை. ஆனால் நம்முடையது முழு வளர்ச்சி பெற்றது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். சிக்கல் அங்கேதான்.

இரவை அளக்கும் சுரப்பி

குளிர் வந்ததும் முடி அடர்த்தியாகிறது, வெயில் வந்ததும் உதிர்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வட அமெரிக்காவில் கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் பனி வெள்ளையாகவும் மாறும் காட்டு முயல் ஒன்று இருக்கிறது. 1943இல் சார்லஸ் லைமன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அந்த முயல்களை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பகலை நீட்டினார், சுருக்கினார். முயல்கள் வெளியே உள்ள காலத்தைப் பொருட்படுத்தாமல் விளக்கின் பேச்சைக் கேட்டன. நிறம் மாற முதன்மைச் சைகை பகலின் நீளம். குளிருக்கு இரண்டாம் இடம்தான்.

யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. முடி வளர வாரக்கணக்கு ஆகும். குளிர் வந்த பிறகு வளர்க்கத் தொடங்கினால் உடம்பு விறைத்துவிடும். வானிலையோ ஏமாற்றும், ஒரு வாரம் வெயில் அடித்து மறு வாரம் உறைபனி விழலாம். பகலின் நீளம் மட்டும் ஆண்டுதோறும் ஒரே தேதியில் ஒரே அளவு. வரப்போவதை முன்கூட்டி அறிய அதைவிட நம்பகமான குறி வேறில்லை.

உடம்பு இதை எப்படி அளக்கிறது? கண்ணில் விழும் வெளிச்சம் மூளைக்குள் இருக்கும் ஒரு நாள்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து செய்தி கூம்புச் சுரப்பிக்குப் போகிறது. அந்தச் சுரப்பி இருட்டில் மட்டும் மெலட்டோனின் என்ற இயக்குநீரை விடும். 1958இல் ஏரன் லேர்னர் என்ற தோல் மருத்துவர் குழுவோடு பிரித்தெடுத்தது இது. இரவு நீண்டால் மெலட்டோனின் அதிக நேரம் இரத்தத்தில் ஓடும். இரவு சுருங்கினால் குறைந்த நேரம். ஆக, உடம்பு உண்மையில் அளப்பது பகலை அல்ல, இரவை. இரவு சுருங்கிக்கொண்டே போகும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற மற்றொரு இயக்குநீர் கூடுகிறது. பால் சுரக்க வைப்பதும் அதுதான். பல பாலூட்டிகளில் வசந்த முடிமாற்றத்தைத் தொடக்கிவைப்பது இந்தப் புரோலாக்டின் ஏற்றமே.

நீண்ட முடிக்காக வளர்க்கும் அங்கோரா முயல்களிலும் இது தெரிகிறது. அவற்றில் வளர்பருவம் வழக்கத்தைவிட நீண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முடி எடுப்பார்கள். கோடையில் முடியின் அளவு குறையும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோடையில் அந்த முயல்களுக்கு மெலட்டோனின் கொடுத்துப் பார்த்தபோது குறைந்த அளவு திரும்பக் கூடியது. வெளியே நீண்ட பகல் இருந்தும், நீண்ட இரவு என்று உடம்பு நம்பிவிட்டது.

ஐம்பது நிமிடம்

இப்போது நம்முடைய முயலின் மூதாதை வாழ்ந்த ஐபீரியாவுக்கும் வட்டவளைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பெயினின் நடுவே இருக்கும் மாட்ரிட்டில் டிசெம்பரின் மிகக் குட்டையான பகல் சுமார் 9 மணி 20 நிமிடம். ஜூனின் மிக நீண்ட பகல் சுமார் 15 மணி. வித்தியாசம் ஐந்தரை மணிக்கும் மேல். இலண்டனில் இன்னும் அதிகம்: குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூட வராத பகல், கோடையில் பதினாறரை மணியைத் தாண்டும்.

வட்டவளை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 7 பாகையில் இருக்கிறது. இங்கே டிசெம்பர் பகல் சுமார் 11 மணி 43 நிமிடம், ஜூன் பகல் சுமார் 12 மணி 31 நிமிடம். ஆண்டு முழுவதற்குமான வித்தியாசம் ஐம்பது நிமிடத்தைத் தொடவில்லை.

மாற்றத்தின் வேகத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மார்ச் மாதத்தில் மாட்ரிட்டில் ஒவ்வொரு நாளும் பகல் இரண்டே முக்கால் நிமிடம் அளவுக்கு நீள்கிறது. ஒரு வாரத்தில் 19 நிமிடம். வட்டவளையில் நாளொன்றுக்குச் சுமார் 23 விநாடி; ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தாலும் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை மலைமேட்டில் இறங்கும் ஒரு மூடுபனி விழுங்கிவிடும். பருவமழை மாதங்களில் மாலை நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும் நாட்கள் எத்தனை! சரியாகச் சொன்னால், பகல் மிக நீளமாக இருக்கும் ஜூன்தான் இங்கே மேகம் மிகக் கனத்த மாதங்களில் ஒன்று.

அப்படியானால் வெப்பமண்டல விலங்குகளுக்குப் பகலின் நீளம் உதவவே உதவாதா? நெடுங்காலம் அப்படித்தான் எண்ணப்பட்டது. 1998இல் மிக்கேலா ஹாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பனாமாவின் காட்டில் வாழும் புள்ளி எறும்புப்பறவையை வைத்து வேறொன்றைக் காட்டினார்கள். பனாமா நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகை வடக்கு, ஏறக்குறைய நம் பக்கத்து அட்சரேகை. கூண்டில் பகலை வெறும் 17 நிமிடம் நீட்டினார்கள். பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. ஆக, 17 நிமிடத்தைப் படிக்கும் கருவி உயிர் உடம்பில் அமைய முடியும்.

ஆனால் அந்தப் பறவை தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டுக்கே உரியது. நம்முடைய முயலின் உடம்புக்குள் இருப்பது ஐந்தரை மணி வித்தியாசத்தைப் படிக்கப் பழகிய ஐபீரியக் கருவி. அதன் முன்னால் ஐம்பது நிமிடத்தை வைக்கிறோம். போதாக்குறைக்கு மின்விளக்கும் இருக்கிறது. காம்பராவுக்குள் கூடு வைத்திருந்தால், காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டும்போது விளக்கு எரியும். பிரட்டுக்குப் போகிறவர்கள் போன பிறகு சன்னல் வெளிச்சம். இரவு தொலைக்காட்சி நாடகம் முடிய ஒன்பதரை பத்து. முயலின் கண்ணுக்கு இது ஆண்டு முழுவதும் பதினாறரை மணிப் பகல். இலண்டனின் ஜூன் மாதத்தை 365 நாளும் கொடுக்கிறோம்! வெளியே ஸ்டோர் பக்கத்துக் கொட்டிலில் கட்டின கூடு என்றால் அதற்குக் கிடைப்பது வட்டவளையின் உண்மையான பகல். ஒரே தோட்டத்தில், ஒரே தாய் போட்ட இரண்டு முயல்கள் வெவ்வேறு மாதத்தில் முடி மாற்றினால் வியக்க ஒன்றுமில்லை.

சைகை மங்கினால் முடிமாற்றம் நின்றுவிடுமா என்றால், இல்லை. மயிர்க்காலுக்குச் சொந்தமாக ஒரு சுற்று இருக்கிறது. யாரும் தட்டி எழுப்பாவிட்டாலும் ஓய்வுப்பருவம் ஒருநாள் முடியத்தான் செய்யும். சில விலங்குகளின் உடம்பில் ஆண்டுக் கடிகாரமே உண்டு. 1960களில் பெங்கெலியும் ஃபிஷரும் வட அமெரிக்கத் தரை அணில்களை ஒரே வெப்பத்தில், ஒரே அளவு வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார்கள். வெளியுலகத்திலிருந்து எந்தத் துப்பும் கிடைக்காத அந்த அணில்கள் ஆண்டுக்கொரு முறை கொழுத்தன, நீள்துயிலுக்குப் போயின. அவற்றின் ஆண்டு மட்டும் 12 மாதத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நேரம் சரிசெய்ய வெளிச்சம் இல்லாததால் அணில்களின் குளிர்காலம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் முன்னே நகர்ந்தது.

வட்டவளை முயலிலும் மற்றச் சைகைகள் முன்னுக்கு வருகின்றன: தை மாசிக் குளிர் விட்டு மார்ச்சில் ஏறும் வெப்பம், தீனியின் சத்து, வயது, சினை, நோயிலிருந்து தேறுதல், இடம் மாறிய பதற்றம். வழி தவறி, நனைந்து, பட்டினி கிடந்து வந்த முயல் நல்ல புல் கிடைத்து உடம்பு தேறியதும் முடி மாற்றத் தொடங்குவது இதனால் பொருந்துகிறது. முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். கையில் சத்து வந்த பிறகுதான் உடம்பு அந்தச் செலவை ஏற்கிறது. புத்தகத்தில் உள்ள மார்ச், ஒக்டோபர் என்ற மாதப் பெயர்களை இங்கே நம்புவதில் பயனில்லை. முயலின் உடம்பில் உள்ள வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

பருவமா, நோயா?

அந்த வரிசையை வைத்து நம்முடைய முயலைச் சோதிப்போம்.

நெற்றியில் தொடங்கியது, இப்போது பிடரிக்கு வந்திருக்கிறது. கொத்தாக வருகிறது, வலியில்லை. முடி போன இடத்தை ஊதிப் பார்த்தால் குட்டையான புது முடி அடர்ந்திருக்கிறது, தோல் சுத்தமாக இருக்கிறது. புல் தின்கிறது, புழுக்கை வழக்கம்போல் உருண்டையாகப் போகிறது. இது முடிமாற்றம். சில முயல்களுக்கு இரண்டு வாரத்தில் முடியும், சிலவற்றுக்கு ஆறு வாரம் இழுக்கும், சில இடுப்போடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் அரைகுறையாகத் திரியும். அதுவும் நோயல்ல.

இப்போது படத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். முடி போன இடம் தோள்பட்டைக்கு நடுவே, அடியில் பெரிய பெரிய பொடுகு, உற்றுப் பார்த்தால் பொடுகே நகர்வது போல் தெரிகிறது. அது பொடுகோடு நடமாடும் சிற்றுண்ணி. தூக்கி வைத்திருந்தவரின் கையிலும் அரிப்புத் தடிக்கும். காதுக்குள் பொருக்குப் பொருக்காகக் கட்டியிருந்தால் அது காதுச் சொறி உண்ணி. வட்டமாக முடி போய், ஓரம் சிவந்து செதில் உதிர்ந்தால் படர்தாமரை, பிள்ளைகளுக்கும் தொற்றும். வட்டவளையின் ஈரம் பூஞ்சைக்கு நல்ல நிலம் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

வேறொரு படம். முயல் தன் வாயாலேயே கழுத்துக்கடியிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் முடியைப் பிடுங்கி, வாய் நிறையக் கவ்விக்கொண்டு பெட்டியின் மூலைக்கு ஓடுகிறது. இது முடிமாற்றமே இல்லை. பெட்டை முயல் கூடு கட்டுகிறது. முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். பிடுங்கத் தொடங்கினால் குட்டி வர ஓரிரு நாள்கூட இருக்காது. யார் வீட்டிலிருந்தோ வந்த முயல் எந்த நிலையில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் கடுவன் என்று சொல்லி விற்ற முயல் குட்டி போட்ட கதையை முயல் வளர்க்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சினை இல்லாமலே உடம்பு சினை என்று ஏமாந்து, இரண்டரை வாரத்தில் இதே வேலையைச் செய்வதும் உண்டு. இங்கேயும் புரோலாக்டின்தான் முன்னணியில் நிற்கிறது. பருவத்துக்கு முடியை உதிர்க்கும் இயக்குநீரே கூட்டுக்கு மெத்தை போடவும் பயன்படுவது உயிரியலின் சிக்கனம்.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நாய்க்குத் தெள்ளுக்காகப் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலின் உயிரையே வாங்கலாம். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினை முயலின் வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, சில நாளில் முயல் செத்துப்போகும். பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். கடினமான நோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

மழையும் சீப்பும்

முயலுக்கு உகந்த வெப்பம் 15 முதல் 20 பாகை செல்சியஸ்வரை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவிலும் அரசு ஆய்வு நிலையங்கள் முயல் வளர்ப்பதற்கு அந்த மலைக்குளிர் ஒரு காரணம். அந்த வகையில் வட்டவளை நல்ல இடம். கெடுப்பது ஈரம். முயலின் முடி இரண்டடுக்கு: மேலே நீண்ட காவல் முடி, அடியில் பஞ்சு முடி. பஞ்சு முடிக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நனைந்து அப்பிவிட்டால் காற்று வெளியேறும், சூடு போய்விடும். முடிமாற்றத்தின் நடுவில் கழலாமல் நிற்கும் பழைய பஞ்சு முடி நனைந்தால் கம்பளித் துண்டாகச் சிக்குப் பிடிக்கும். அதற்கடியில் தோல் அழுகலாம். வால்புறம் அழுக்காகியிருந்தால் ஈ முட்டை வைத்துப் புழு விழும். சாரல் அடிக்காத பக்கம் கூட்டைத் திருப்பி வையுங்கள்.

குளிப்பாட்டாதீர்கள். முடி கொட்டுகிறது என்று பீலியில் பிடித்துக் காட்டுவது, பயத்திலும் குளிரிலும் முயலைக் கொல்லும் அளவுக்குப் போகலாம். மடியில் வைத்து அகலப் பல் சீப்பால் முடி போகும் திசையிலேயே மெல்ல வாருங்கள். முயலின் தோல் மிக மெல்லியது, இழுத்தால் கிழியும். கழலத் தயாரான முடியை ஈரக் கையால் தடவியே எடுத்துவிடலாம்.

விழுங்கிய முடி

சீப்பு எதற்கு, தானாக விழாதா என்று கேட்கலாம். விழும்; பாதி முயலின் வயிற்றுக்குள் விழும். பூனையைப் போல முயலும் நாளெல்லாம் தன்னை நக்கிக்கொள்ளும். பூனை முடியுருண்டையை வாந்தி எடுத்துவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மறுபக்கம் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

முடி வயிற்றை அடைத்துக் கொல்கிறது என்றுதான் முன்பு நம்பினார்கள். இப்போது வைத்தியர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆரோக்கியமான முயலின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும். புல் நார் அதைத் தள்ளிக்கொண்டு போகும். நார் குறைந்தால், தண்ணீர் குறைந்தால், வலியோ பயமோ வந்தால் குடலின் அசைவு தளர்கிறது. அப்போது வயிற்றில் உள்ளது வற்றி, முடியோடு சேர்ந்து இறுகுகிறது. அடைப்பு காரணம் இல்லை, விளைவு.

அன்னாசிச் சாறும் பப்பாளியும் கொடுத்தால் முடி கரையும் என்று பலர் சொல்வார்கள். அவற்றில் உள்ள நொதிகள் இறைச்சியை மென்மையாக்கும் என்பது உண்மை. ஆனால் முடியின் புரதம் கெரட்டின். நகமும் கொம்பும் ஆன அதே பொருள். முயலின் வயிற்றில் அந்த நொதிகளால் அதைக் கரைக்க முடியாது. சாற்றில் உள்ள தண்ணீர் வேண்டுமானால் கொஞ்சம் உதவும், சர்க்கரை கெடுக்கும். நுவரெலியாவின் கரட்டுக்கும் இதே கணக்கு: இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம், கிழங்கைத் துண்டாக, எப்போதாவது.

முடிமாற்றக் காலத்தில் தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கினிப்புல்லை வெட்டி, மழை நீர் வடிய நிழலில் பரப்பி வாட விட்டுக் கொடுக்கலாம். மருந்தடித்த மலையின் ஓரத்துப் புல் மட்டும் வேண்டாம். களைநாசினி அடித்த இடம் எது என்று தோட்டத்தில் கேட்டால் தெரியும். புழுக்கை சிறுத்து, முடியால் கோத்த மணிகளாக வந்தால் நார் போதவில்லை. புழுக்கையே வராமல், அரை நாள் எதையும் தின்னாமல் கூனிக் குறுகி உட்கார்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியரைத் தேடுங்கள்.

முயலின் தேதிகள்

மளிகைக் கடையில் கொடுக்கும் நாட்காட்டி சுவரில் தொங்குமே, அதில் நெற்றியில் முடி கழன்ற நாளைக் குறியுங்கள். கோடு இடுப்புக்கு வந்த நாளை, வயிறு முடிந்த நாளைக் குறியுங்கள். மழை தொடங்கிய நாள், கூட்டை உள்ளே மாற்றிய நாள், புதிதாக விளக்குப் போட்ட நாள் எல்லாம் கூடவே இருக்கட்டும். இரண்டு ஆண்டு சேர்ந்தால் சில கேள்விகளுக்கு விடை தெரியத் தொடங்கும். முடிமாற்றம் மார்ச் வெப்பத்தோடு ஒட்டி வருகிறதா? ஆறு மாத இடைவெளியில் வருகிறதா, நான்கா? அல்லது பெங்கெலியின் அணில்களைப் போல ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் நகர்கிறதா? கொட்டிலில் ஒன்றும் காம்பராவில் ஒன்றுமாக இரண்டு முயல் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மின்விளக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆய்வுகூடம் இல்லாமலே ஓரளவு தெரிந்துவிடும்.